வீட்டு கராஜில் கிட் கார்: டோனர் காரைக் கழற்றுவதிலிருந்து ஐவிஏ ஆய்வு வரை

சேசிஸும் பாடியும் பாகங்களாக வர, இஞ்சின் முதலியவற்றை ஒரு பழைய காரிலிருந்து எடுத்து நாமே பூட்டுவதுதான் கிட் கார். பாகங்களைத் தரும் அந்தப் பழைய கார்தான் டோனர். இது பிரிட்டனில் இருப்பவர்களுக்காக எழுதியது. ஊரிலிருந்து தம்பி ஒருவன் போன் செய்து, "அண்ணா, இதே மாதிரி இங்கே கட்டலாமா?" என்று கேட்டான். இங்கே இருக்கிற ஆய்வு முறை அங்கே கிடையாது, அதனால் அதை இங்கே கலக்கவில்லை.

நான் செய்தது இவ்வளவுதான். ஒரு பழைய மஸ்டா எம்எக்ஸ்-5-ஐக் கழற்றி, அதன் இஞ்சின், கியர்பாக்ஸ், டிஃப் (பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிஃபரென்ஷியல்), ஹப், பிரேக் எல்லாவற்றையும் லோட்டஸ் செவன் மாதிரியான ஒரு குழாய்ச் சேசிஸில் பூட்டினேன். முதல் தடவை ஆய்வில் ஃபெயில், இரண்டாவது தடவை பாஸ். அப்புறம் மூன்று நண்பர்களின் கராஜில் ஸ்பேனர் பிடித்து நின்றிருக்கிறேன். மூன்று பேரும் வழுக்கி விழுந்தது ஒரே இடத்தில்: காரை முழுசாகக் கட்டிவிட்டு, "சரி, இனி ஆய்வுக்குத் தயார் பண்ணலாம்" என்று அப்போதுதான் கையேட்டைத் திறந்தார்கள். பெயின்ட் அடித்த சேசிஸில் மறுபடியும் டிரில் போட வேண்டியிருந்தது.

## 1. முதலில் கையேடு, அப்புறம் கிட்

வீட்டில் கட்டிய காருக்கான ஆய்வின் பெயர் ஐவிஏ, அதாவது தனி வாகன ஒப்புதல். 2009-இல் பழைய எஸ்விஏ முறையின் இடத்துக்கு இது வந்தது. நடத்துவது அரசின் வாகன ஆய்வு அமைப்பான டிவிஎஸ்ஏ. பயணிகள் காருக்கான ஆய்வுக் கையேட்டை அரசு இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பிரிண்ட் எடுத்து ஃபைலில் போட்டு கராஜ் சுவரில் தொங்கவிடுங்கள். கிரீஸ் கையோடு போனைத் தடவிக்கொண்டிருக்க முடியாது.

முழுசாக மனப்பாடம் செய்ய வேண்டாம். எந்தெந்தத் தலைப்பு இருக்கிறது என்று தெரிந்தால் போதும். ஒரு பாகத்தைப் பூட்டப் போகும்போது அதற்குரிய பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் பூட்டுங்கள். ஒரு பிராக்கெட்டை 30 மி.மீ. தள்ளி வைப்பது அன்றைக்கு ஐந்து நிமிட வேலை, ஆறு மாதம் கழித்து இரண்டு வார வேலை.

கிட் வாங்குவதற்கு முன் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "கடைசியாக உங்கள் கிட் ஐவிஏ பாஸானது எப்போது, அந்தக் காரை நான் பார்க்கலாமா?" பாஸான காரை நேரில் பார்த்து நூறு படமாவது எடுத்துக்கொள்ளுங்கள். அசெம்ப்ளி புத்தகத்தில் இல்லாததெல்லாம் அந்தப் படங்களில் இருக்கும்.

## 2. இடமும் கருவியும்

ஒரு சாதாரண சிங்கிள் கராஜ் போதும், ஆனால் டோனர் கார், புதுச் சேசிஸ், ஃபைபர் பாடி மூன்றும் ஒரே நேரத்தில் அதில் அடங்காது. அதனால் டோனரைக் கழற்றி, வேண்டாத கூட்டை அனுப்பிய பிறகே கிட்டை வரவழையுங்கள். ஒரு நண்பர் தள்ளுபடி விலை முடியப்போகிறது என்று கிட்டை முன்கூட்டியே எடுத்து, பாடியை வரவேற்பறையில் நான்கு மாதம் வைத்திருந்தார். வீட்டில் நடந்ததை நான் சொல்ல வேண்டாம்.

கருவியில் மூன்றில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: குறித்த இறுக்கத்துக்கு முறுக்கும் நல்ல டார்க் ரென்ச், பிரேக் பைப்பின் முனையை விரிக்கும் நல்ல ஃப்ளேரிங் டூல், நான்கு உறுதியான ஆக்ஸில் ஸ்டாண்ட். இஞ்சின் தூக்கும் கிரேனை வாடகைக்கு எடுக்கலாம். எம்எக்ஸ்-5-இன் பின் ஹப் நட்டுக்கு 29 மி.மீ. சாக்கெட்டும் நீண்ட பிரேக்கர் பாரும் தேவை. கார் நான்கு சக்கரத்தில் நிற்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க, அந்த நட்டைத் தளர்த்திவிடுங்கள். தூக்கி நிறுத்திய பிறகு சக்கரம் கூடவே சுற்றும், நட்டு அசையாது.

## 3. டோனர் காரைக் கழற்றுதல்

காரை வாங்கியதும் ஸ்பேனரைத் தூக்கத்தான் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் காரை ஓட்டிப் பாருங்கள்: கியர் எல்லாம் விழுகிறதா, டிஃப் கத்துகிறதா, புகை வருகிறதா. கம்ப்ரெஷன் (சிலிண்டர் அழுத்தம்) பாருங்கள். பழுதான இஞ்சினை அப்படியே மாற்றிப் பூட்டிவிட்டு, தவறு நம் வேலையிலா பழைய இஞ்சினிலா என்று தேடுவது நரகம்.

அடுத்தது காகிதம். பதிவுச் சான்றான வி5சி உங்கள் பெயரில் இருக்க வேண்டும். காரை 'சாலையில் ஓடவில்லை' என்று அறிவித்துவிடுங்கள். சேசிஸ் எண், இஞ்சின் எண், நம்பர் பிளேட் மூன்றும் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். இஞ்சின் எந்த ஆண்டுடையது என்று நிரூபிக்க முடிந்தால்தான் புகைச் சோதனை அந்த ஆண்டின் அளவுப்படி நடக்கும். நிரூபிக்க முடியாவிட்டால் இன்றைய அளவுப்படி நடக்கும், அதில் பழைய இஞ்சின் தேறுவது கஷ்டம். ஒரு காகிதத்துக்கு இவ்வளவு மதிப்பு இருப்பது பலருக்குக் கடைசியில்தான் தெரிகிறது.

இனி கழற்றலாம். வயரிங்கை வெட்டவே வெட்டாதீர்கள். ஒவ்வொரு கனெக்டரிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, எங்கே போகிறது என்று எழுதி, முழுசாக உருவி எடுங்கள். இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5 என்றால் இம்மொபிலைசர் பெட்டி, சாவித் துளையைச் சுற்றியிருக்கும் வளையம், அசல் சாவி, இஞ்சினின் கம்ப்யூட்டரான இசியூ நான்கையும் ஒரே பையில் போடுங்கள். ஒன்று தொலைந்தாலும் இஞ்சின் எழும்பாது.

போல்ட்டுகளுக்கு ஐஸ்கிரீம் டப்பாதான் எனக்கு வசதி. மூடியில் எழுதாதீர்கள், டப்பாவில் எழுதுங்கள், ஏனென்றால் மூடிகள் மாறிப்போகும். நம் வீட்டு ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் சாம்பார் இருப்பது போல, 'முன் சஸ்பென்ஷன்' டப்பாவில் கியர்பாக்ஸ் போல்ட் இருக்கும்.

## 4. ஒருமுறை பொய்யாகக் கட்டுங்கள்

புதியவர்கள் தவிர்க்கப் பார்ப்பதும், எனக்கு அதிகம் உதவியதும் இந்தப் படிதான். பெயின்ட், சீலன்ட், ரிவெட் எதுவும் இல்லாமல் முழுக் காரையும் ஒருமுறை தற்காலிகமாகப் பூட்டிப் பாருங்கள். சாதாரண நட்டு போட்டு, கைமுறுக்கில் நிறுத்துங்கள். நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டுகளை இப்போது வீணாக்க வேண்டாம், அவை ஒரு தடவைக்குத்தான்.

சஸ்பென்ஷன், ஸ்டியரிங், இஞ்சின், பெடல், சீட், பாடி, விளக்கு எல்லாம் இருக்க வேண்டும். பிறகு சீட்டில் உட்காருங்கள். கிளட்சை மிதிக்கும்போது ஸ்டியரிங் ராடில் ஷூ இடிக்கிறதா? மூன்றாவது கியருக்குப் போகும்போது விரல் டாஷில் படுகிறதா? ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பினால் டயர் பிரேக் ஹோஸை உரசுகிறதா? சஸ்பென்ஷனை ஜாக் வைத்து முழுசாக ஏற்றியும் இறக்கியும் இதைப் பாருங்கள், ஏனென்றால் நின்றிருக்கும் உயரத்தில் உரசாதது குழியில் இறங்கும்போது உரசும்.

எல்லா ஓட்டையையும் இப்போதே போட்டுவிட்டு, பிரித்து, அப்புறம் சேசிஸை பவுடர் கோட்டிங்குக்கு அனுப்புங்கள். என் முதல் தவறே இங்கேதான். கோட்டிங் முடிந்த பிறகு பிரேக் பைப் கிளிப்புக்காக நாற்பது ஓட்டை போட்டேன். ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு பெயின்ட் வைத்தும் அடுத்த மழைக்காலத்திலேயே பாதியில் துரு எட்டிப்பார்த்தது.

## 5. பிரேக்கும் பெட்ரோல் பைப்பும்

இஞ்சின் உள்ளே இறங்குவதற்கு முன் இவற்றை முடியுங்கள். அப்புறம் கை போகாது.

பைப்புக்கு தாமிர-நிக்கல் கலவை நல்லது. எளிதாக வளையும், துருப்பிடிக்காது. ஃப்ளேர் போடும் முன் நட்டைப் பைப்பில் கோர்த்துவிட்டீர்களா என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். இதை மறக்காதவர் யாருமில்லை. அழகாக வளைத்து, இரண்டு முனையிலும் ஃப்ளேர் போட்டு, நிமிர்ந்து பார்த்தால் நட்டு மேசையில் உட்கார்ந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

அதைவிட ஆபத்தான விஷயம் மரை. ஜப்பானிய பாகங்களில் எம்10×1 மரை, சில கிட்காரர்கள் தரும் டீ-பீஸ்களில் 3/8 அங்குல யுஎன்எஃப் மரை. இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஒன்றில் மற்றது இரண்டு சுற்று ஏறவும் செய்யும். அப்புறம் இறுகும். "சரி, இறுக்கமாகத்தான் இருக்கும்போல" என்று ஸ்பேனர் போட்டால் மரை கிழியும், அல்லது அவசரமாக மிதிக்கும் நாளில் கழன்று வரும். நட்டு விரலாலேயே கடைசிவரை போக வேண்டும். போகவில்லையா, நிறுத்துங்கள்.

ஆய்வுக்காகக் கவனிக்க வேண்டியவை: பின் சக்கரம் முன் சக்கரத்துக்கு முன்னால் லாக் ஆகக்கூடாது. முன்-பின் விகிதத்தை மாற்றும் பேலன்ஸ் பார் இருந்தால், சரியான அளவில் வைத்த பிறகு யாரும் திருப்ப முடியாதபடி முளை அடித்து நிரந்தரமாகப் பூட்ட வேண்டும். ஃப்ளூயிட் டப்பாவின் மட்டத்தை மூடியைத் திறக்காமல் பார்க்க முடிய வேண்டும், எந்த ஃப்ளூயிட் என்ற குறிப்பு இருக்க வேண்டும், மட்டம் குறைந்தால் டாஷில் விளக்கு எரிய வேண்டும்.

பெட்ரோல் பைப் எக்ஸாஸ்டுக்கும் வயருக்கும் பக்கத்தில் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டேங்க் மூடி கழன்று தொலைந்துபோக முடியாத வகையாக இருக்க வேண்டும்.

## 6. இஞ்சின், கியர்பாக்ஸ்

பார்க்கப் பெரிய வேலை, உண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே மேலிருந்து இறக்குங்கள், சாய்வைச் சரிசெய்ய கிரேனில் லெவலர் மாட்டுங்கள். இரண்டு பேர் வேண்டும். கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், பின் ஆயில் சீல் மூன்றையும் வெளியே இருக்கும்போதே மாற்றிவிடுங்கள், செலவு பெரிதாக இல்லை.

டார்க் பார்த்து முறுக்கிய ஒவ்வொரு போல்ட்டிலும் மஞ்சள் பெயின்ட் பேனாவால் கோடு போடுங்கள். கோடு இல்லாத போல்ட் இன்னும் முறுக்காத போல்ட். இந்த விதியை மீறவே மீறாதீர்கள், "அப்புறம் போட்டுக்கலாம்" என்று விட்டால் இரவு இரண்டு மணிக்கு எழுந்து டார்ச் அடித்துப் பார்ப்பீர்கள்.

## 7. வயரிங்

பயப்பட வேண்டாம், ஆனால் அவசரப்படவும் வேண்டாம். பழைய லூமை (காரின் வயர்க் கட்டு) தரையில் விரித்து, வேண்டாத கிளைகளை ஒவ்வொன்றாக உருவுங்கள். பவர் விண்டோ, ரேடியோ, உள்விளக்கு எதுவும் இந்தக் காருக்கு வேண்டாம். ஒரு கிளையை எடுத்ததும் இஞ்சினை ஸ்டார்ட் செய்து பாருங்கள், ஓடினால் அடுத்த கிளை.

புதியவர்கள் சந்திக்கும் மின்கோளாறில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே காரணம்: எர்த், அதாவது மின்சாரம் சேசிஸ் வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. பவுடர் கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது. ஃபைபர் பாடியும் கடத்தாது. இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கு மினுக்குகிறது என்று ஒரு நண்பர் இரண்டு வாரம் ரிலேயாக மாற்றிக்கொண்டிருந்தார். எர்த் போல்ட்டின் கீழே கோட்டிங்கைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரியவைத்து, முறுக்கி, மேலே கிரீஸ் வைத்தோம். பத்து நிமிடம்.

வயர் 300 மி.மீ.க்கு ஒருமுறையாவது பிடிக்கப்பட்டிருக்க வேண்டும், தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் குரோமெட் வேண்டும். எல்இடி இண்டிகேட்டர் போட்டால் பழைய ரிலே வேகமாக அடிக்கும். நிமிடத்துக்கு 60 முதல் 120 வரைதான் அனுமதி, அதனால் எல்இடிக்கான ரிலே வாங்குங்கள்.

## 8. ஸ்டியரிங், சீட், பெல்ட்

ஸ்டியரிங் தண்டு விபத்தில் மடங்கும் வகையாக இருக்க வேண்டும். டோனருடையதையே போட்டால் இந்தத் தலைவலி குறையும். துளையிட்ட ஸ்போக் வைத்த பந்தய ஸ்டியரிங் அழகாகத்தான் இருக்கும், ஆய்வுக்கு அது வேண்டாம்.

ஹார்னெஸ் பெல்ட்டின் தோள்பட்டைப் புள்ளி சீட்டின் அடிப்பகுதியிலிருந்து 450 மி.மீ.க்குக் கீழே இருக்கக்கூடாது. கிட்டில் வரும் மெல்லிய சீட்டுக்கு இது சரியாக அமையும். பிறகு வசதிக்காகத் தடித்த மெத்தைச் சீட் போட்டால் உட்காரும் இடம் உயர்ந்து அளவு குறைந்துவிடும். மாற்றுவதாக இருந்தால் முதலில் டேப் வைத்து அளந்து பாருங்கள்.

## 9. விளக்குகள்

எந்த விளக்கு வாங்கினாலும் கண்ணாடியில் ஒப்புதல் பெற்றதைக் காட்டும் இ-குறி இருக்கிறதா பாருங்கள். குறி இல்லாத மலிவு விளக்கு பணத்துக்குக் கேடு.

ஹெட்லைட்டின் உயரம் 500 முதல் 1200 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இண்டிகேட்டர் காரின் வெளி விளிம்பிலிருந்து 400 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், நிர்ணயித்த கோணங்களிலிருந்து பார்க்கும்போது அது மறைபடக்கூடாது. செவன் வகையில் முன் மட்கார்டு இதைத்தான் மறைக்கும். பின் ஃபாக் விளக்கு ஒன்றே என்றால் நடுவிலோ ஓட்டுநர் பக்கத்திலோ இருக்க வேண்டும், பிரேக் விளக்கிலிருந்து 100 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். ஹெட்லைட் எரியாதபோது ஃபாக் எரியக்கூடாது, வயரிங் செய்யும்போதே இதை யோசியுங்கள்.

## 10. கூர்முனை வேட்டை

நான் ஃபெயிலானது இங்கே. ஏழு இடம் எழுதிக் கொடுத்தார்கள், அதில் ஐந்து கூர்முனை.

விதி எளிது. 100 மி.மீ. விட்டமுள்ள ஒரு பந்து காரின் வெளிப்புறத்தில் எந்த இடத்தைத் தொட முடியுமோ, அந்த விளிம்பின் வளைவு குறைந்தது 2.5 மி.மீ. ஆரம் இருக்க வேண்டும். பாதசாரி மீது இடித்தால் கிழிக்கக்கூடாது, அவ்வளவுதான் காரணம். காரைச் சுற்றி நடந்து பார்த்து "எல்லாம் வழுவழுப்பாகத்தான் இருக்கு" என்று முடிவு செய்யாதீர்கள். கண் ஏமாற்றும்.

கைவினைக் கடையில் 100 மி.மீ. தெர்மோகோல் பந்து கிடைக்கும். அதன் மேல் கலர் சாக்பொடியைத் தேய்த்து, காரின் ஒரு மூலையில் தொடங்கி எல்லா இடத்திலும் உருட்டுங்கள். பொடி ஒட்டிய விளிம்புகள்தான் ஆய்வாளர் பார்க்கப்போகும் விளிம்புகள். சந்தேகமான விளிம்பின் பக்கத்தில் 5 மி.மீ. டிரில் பிட்டின் தண்டை வைத்துப் பாருங்கள்: அதன் வளைவு 2.5 மி.மீ. ஆரம். உங்கள் விளிம்பு அதைவிடக் கூர்மையாகத் தெரிந்தால் வேலை இருக்கிறது.

நான் தவறவிட்டவை: சஸ்பென்ஷன் கையான விஷ்போனின் போல்ட் தலை, ஹெட்லைட் பிராக்கெட்டின் கீழ் நட்டு, கண்ணாடிச் சட்டத்தின் அடிமூலை, பானெட் கிளிப், எக்ஸாஸ்ட் வாய். போல்ட்டுக்கு பிளாஸ்டிக் தொப்பி, தகட்டு விளிம்புக்கு யூ வடிவ ரப்பர் டிரிம். ரப்பரைச் சும்மா செருகினால் ஆய்வாளர் விரலால் இழுத்துப் பார்ப்பார், கையோடு வந்தால் கணக்கில் வராது. ஒட்டுங்கள்.

உள்ளேயும் இதே கதை, அங்கே பந்தின் விட்டம் 165 மி.மீ., கிட்டத்தட்ட ஒரு தலையின் அளவு. டாஷின் கீழ் விளிம்பு 19 மி.மீ. ஆரத்தில் உருண்டு திரும்ப வேண்டும். தட்டையான அலுமினியத் தகடு டாஷாக வந்திருந்தால் கீழே பாதி பிளந்த குழாயையோ திண்டு போன்ற நுரையையோ வைத்துத் தோலால் மூடுவது வழக்கம். நீட்டிக்கொண்டிருக்கும் பழைய பாணி டாகிள் சுவிட்சுகளை ஆய்வு முடியும்வரை மறந்துவிடுங்கள்.

## 11. விண்ணப்பித்துவிட்டு காத்திருக்கும் நாட்களில்

கார் ஓடத் தொடங்கியதும் விண்ணப்பத்தை அனுப்புங்கள். சேசிஸில் வின் எண் (காரின் அடையாள எண்) அடித்திருக்க வேண்டும், எடை விவரங்களோடு தகடும் பொருத்தியிருக்க வேண்டும். தேதி கிடைக்கக் கொஞ்ச நாள் ஆகும், அந்த நேரத்துக்கு வேலை இருக்கிறது.

ஸ்பீடோமீட்டர்: உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், ஆனால் 10 சதவீதமும் 6.25 மைலும் சேர்ந்த அளவுக்கு மேல் போகக்கூடாது. டோனரின் மீட்டரையே வைத்து டயர் அளவை மாற்றியிருந்தால் கணக்கு தப்பும். உருளை மேடை வைத்திருக்கும் ஒரு கடைக்கு டிரெய்லரில் கொண்டுபோய் ஒருமுறை பாருங்கள், அங்கேயே புகையும் பார்த்துவிடலாம்.

சத்தம்: எக்ஸாஸ்டிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரியில் வைத்து அளக்கும்போது 99 டெசிபலைத் தாண்டக்கூடாது. போன் செயலியை நம்பி 98 என்று நிம்மதியாக இருக்காதீர்கள், சைலன்சருக்குள் புதுப் பஞ்சு அடைத்துவிடுங்கள்.

ஸ்டியரிங் திரும்புதல்: மெதுவாக வட்டமடித்துக் கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் நேராகத் திரும்ப முயல வேண்டும். எடை குறைந்த கார் என்பதால் இது பலருக்குத் தகராறு செய்யும். முதலில் ஸ்டியரிங் மூட்டு எங்காவது இறுகியிருக்கிறதா பாருங்கள், அப்புறம் காஸ்டர் கோணம் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு), முன் டயரின் காற்று. இந்த வரிசையில் பாருங்கள், ஏனென்றால் இறுகிய மூட்டை வைத்துக்கொண்டு கோணத்தை எவ்வளவு மாற்றினாலும் பயன் இல்லை.

## 12. ஆய்வு நாள்

பதிவாகாத காரை முன்பதிவு செய்த ஆய்வுக்கு ஓட்டிச் செல்லலாம், வின் எண்ணில் இன்சூரன்ஸ் வேண்டும். ஆனாலும் டிரெய்லரில் போங்கள். புதுக் காரின் முதல் நீண்ட பயணமே ஆய்வு நிலையத்துக்காக இருக்க வேண்டாம்.

ஒரு பெட்டி எடுத்துச் செல்லுங்கள்: டிரிம் ரப்பர், பசை, போல்ட் தொப்பி, கேபிள் டை, பல்பு, ஃபியூஸ், டேப், ஸ்பேனர் செட், கொஞ்சம் பெட்ரோல். சின்னக் குறையை அங்கேயே சரிசெய்ய ஆய்வாளர் விட்டால் உடனே செய்துவிடலாம். காரைக் கழுவிக் கொண்டுபோங்கள். வாதாடாதீர்கள், "இதே கிட் போன மாதம் பாஸானதே" என்பது அங்கே எடுபடாது. கேட்டதற்குப் பதில், கேட்ட காகிதம், அப்புறம் ஓரமாக ஒரு தேநீர்.

ஃபெயிலானால் எழுத்தில் தருவார்கள். ஒவ்வொரு வரிக்கும் அது எந்த இடம் என்று விரலால் காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் வெட்கத்தில் தலையாட்டிவிட்டு வந்து, வீட்டில் 'இடது பக்கம், கீழே' என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு மூன்று நாள் தேடினேன்.

## 13. பாஸான பிறகு

ஒப்புதல் சான்றிதழ் கையில் வந்தாலும் கார் இன்னும் பதிவாகவில்லை. சுவான்சியில் உள்ள வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏவுக்கு அந்தச் சான்றிதழ், கட்டிய விவரம் சொல்லும் வி627/1, பதிவு விண்ணப்பம் (புதியதற்கு வி55/4, பழையதற்கு வி55/5), டோனரின் வி5சி, ரசீதுகள், படங்கள், கட்டணம் எல்லாம் போக வேண்டும். எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொண்டு அனுப்புங்கள். முக்கியப் பாகங்கள் எந்தக் காரிலிருந்து வந்தவை என்று காட்ட முடியாதவருக்கு கியூ என்று தொடங்கும் எண் வர வாய்ப்பு அதிகம், அதனால்தான் மூன்றாம் படியில் அந்தப் படங்களை எடுக்கச் சொன்னேன்.

எண் வந்து, வரி கட்டி, சாலையில் இறங்கிய பிறகு முதல் 100 மைலில் காரை மறுபடியும் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். சக்கர நட்டு, விஷ்போன், ஸ்டியரிங் மூட்டு, டிஃப் மவுன்ட், எக்ஸாஸ்ட் கிளாம்ப். மஞ்சள் கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்து, விலகியதை மறுபடி முறுக்கி, இந்தத் தடவை வெள்ளைக் கோடு போடுங்கள்.